வன்னியில் கடன்படாமல் ஒரு சொப்ட்வெயார் கம்பனி தொடங்க

ஸ்ரீதர் வேம்பு என்றதும் வேட்டியும் தென்காசிக் கிராமமும்தான் நம் பெடியளுக்கு ஞாபகம் வருகிறது. என்ஜினியராக வேலை பார்த்த மனிதர், 1996இல் கூட்டாகத் தொடங்கிய சொப்ட்வெயார் கம்பனியை (அப்போது அட்வென்ட்நெட், பிறகு ஸோஹோ) வெளியாரிடம் முதலீடு வாங்காமலே வளர்த்தார், கல்லூரிப் பட்டம் இல்லாத பிள்ளைகளைக் கூப்பிட்டு உதவித்தொகையும் கொடுத்துப் படிப்பித்தார். நாங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த இரண்டையும்தான்.

முதலில் கடன். லீசிங்குக்கும் நுண்கடனுக்கும் கிழமைக்குக் கிழமை கட்டி வீடுகள் பட்ட பாடு வன்னியில் எல்லோருக்கும் தெரியும், அதனால் ஓஃபிஸ், ஏசி, பெயர்ப் பலகை என்று எதற்கும் கடன் எடுக்காதீர்கள். இரண்டு பழைய லப்டொப், ஒரு ரவுட்டர், வீட்டு விறாந்தை போதும். வணிகப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள், அது பெரிய வேலை இல்லை.

அடுத்தது என்ன செய்து விற்பது என்பது. ஆப் யோசிக்க முதல் ஒரு அரிசி ஆலையில் பெரும்போக அறுவடை நேரம் இரண்டு நாள் போய் இருங்கள். நாங்கள் எழுதிய முதல் புரோகிராமில் நெல்லின் நிறைக்கு ஒரே ஒரு பெட்டிதான் வைத்திருந்தோம். ஆலைக்காரர் தன் கொப்பியைத் திறந்து காட்டினார்: தராசு காட்டிய நிறை, அதில் சாக்குக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு, கமக்காரர் ஏற்கெனவே வாங்கிய முற்பணம், எல்லாம் கழித்துக் கடைசியில் சிவப்புப் பேனையால் ஒரு தொகை. அந்தக் கொப்பியின் பக்கம் அப்படியே ஸ்கிரீனில் வந்த பிறகுதான் அவர் காசு தந்தார், அந்தக் காசில்தான் அடுத்த மாதச் சம்பளம் போனது.

அப்புறம் ஆட்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் என்ஜினியரிங் பீடம் இருக்கிறது, வவுனியாவில் 2021இலிருந்து தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது, அங்கிருந்து வருபவர்களை எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஏ எல் (உயர்தர) பரீட்சையில் மூன்று பாடமும் சரிவராமல் வீட்டில் இருக்கிற பிள்ளையையும் தேடிப் போய்க் கூப்பிடுங்கள். எங்களிடம் அப்படி வந்த ஒரு தங்கச்சிதான், ஈரக் கழிவு ஆலைக்கு ஆலை மாறும், அதை நீங்களே கணக்குப் போட்டுவிடாமல் ஆலைக்காரர் மாற்றுகிற மாதிரி விடுங்கள் என்று சொன்னாள். அவள் வீட்டில் கமம் செய்கிறார்கள், எங்களில் வேறு யாருக்கும் அது தோன்றவில்லை.

படிக்கிற காலத்திலும் காசு கொடுங்கள். ஆறு மாதம் சும்மா வேலை பழகு என்றால் பஸ் காசு இல்லாத பிள்ளை வரவே மாட்டாது, வசதியான பிள்ளை மட்டும்தான் மிஞ்சும். சம்பளத்துக்கு எடுத்த நாளிலிருந்து ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டுங்கள்: அவர்கள் பங்கு 8 வீதம், உங்கள் பங்கு 12, ஈடிஎஃப்புக்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) நீங்கள் இன்னும் 3. கணக்குப் போடும்போதே இந்த 15 வீதத்தையும் சேர்த்துத்தான் விலை சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாவது ஆளை எடுக்கும்போதே கை கடிக்கும்.