மாட்டுப் பொங்கலுக்கு அடுத்து வரும் சீஸ் நாள்

கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர் பக்கத்திலிருந்து அமெரிக்காவுக்குப் புதிதாகப் போயிருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். அங்கே விஸ்கான்சின் மாநிலத்தில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள் நான். வீடு பிடிப்பது, வங்கிக் கணக்கு திறப்பது பற்றிச் சொல்ல உங்களுக்கு ஆள் இருப்பார்கள். சாப்பாட்டு மேசையைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை.

மாட்டுப் பொங்கல் முடிந்து நாலைந்து நாளில், ஜனவரி 20 அன்று, அங்கே சீஸ் பிரியர்கள் நாள். ஜூன் 4 அன்று இன்னொரு சீஸ் நாள் வரும். இரண்டுக்கும் லீவு கிடையாது. ஆபீஸில் யாராவது ஒரு மரப்பலகையில் நாலு வகை சீஸும் பிஸ்கட்டும் திராட்சையும் வைத்துக் கூப்பிடுவார்கள். ஒதுங்கி நிற்காதீர்கள். ஊரில் கடைகடையாகச் சீஸ் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நீங்கள்.

அது ஒன்றும் அந்நியப் பொருள் இல்லை. பாலில் உறைமோர் விட்டால் தயிர், எலுமிச்சை பிழிந்து திரித்தால் பனீர். சீஸுக்கு முதலில் தயிருக்குப் போல ஓர் உறை, அப்புறம் ரென்னட் என்கிற நொதி. பால் இளநீர் வழுக்கை மாதிரி கட்டியானதும் அதைத் துண்டு போட்டு, தண்ணீரை வடித்து, உப்பிட்டு, அழுத்தி, மாதக்கணக்கில் வைத்துவிடுவார்கள். செடார் என்கிற கெட்டி சீஸ் ஒரு கிலோவுக்குச் சுமார் 10 லிட்டர் பால் வேண்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ரென்னட் பழைய முறைப்படி கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பது. நம் ஊரில் பாக்கெட்டில் பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்குவோம்; அங்கே அந்தப் புள்ளி கிடையாது. பல பாக்கெட்டுகளில் வெறுமனே 'என்சைம்ஸ்', அதாவது நொதிகள், என்றுதான் போட்டிருக்கும். 'மைக்ரோபியல்' (நுண்ணுயிரிலிருந்து எடுத்தது) அல்லது 'வெஜிடேரியன் ரென்னட்' என்று இருந்தால் தைரியமாக வாங்கலாம். இத்தாலியிலிருந்து வரும் பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்கிற சீஸில் கன்றின் ரென்னட்தான் போட வேண்டும் என்பதே அவர்கள் விதி. என்னோடு தங்கியிருந்த மதுரைப் பெண் மூன்று மாதம் அதைப் பாஸ்தா மேல் துருவிச் சாப்பிட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. அன்று ராத்திரி அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உங்களில் ஒருவருக்கும் அப்படி ஆகக் கூடாது. பலகையில் இருப்பது என்ன என்று கேளுங்கள். கேட்டால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

சரி, எதிலிருந்து தொடங்குவது? விஸ்கான்சின் பக்கம் இருந்தால் அன்றைக்குப் போட்ட சீஸ் கர்ட்ஸ், அதாவது அழுத்தி நாள்பட வைக்காத சீஸ் துண்டுகள். கடித்தால் பல்லில் கீச்சென்று சத்தம் வரும். அப்புறம் கூடா (Gouda) என்கிற சீஸ், பிறகு நாள்பட்ட செடார். நீலக்கோடு ஓடும் சீஸைக் கடைசியில் எடுங்கள். அந்தப் பூஞ்சை வேண்டுமென்றே வளர்த்தது, கெட்டுப்போனதில்லை. ஆனால் உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் செடார்மேல் பூஞ்சை வந்தால், சுற்றி ஓர் அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம். மென்மையான சீஸ் என்றால் முழுசாகக் குப்பைக்குத்தான். பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்கும் நாள்பட்ட செடார் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், அதில் லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை மிகக் குறைவு.

வெறுங்கையோடு போக மனம் வராது என்றால் பூண்டு தோசை சுட்டுக் கொண்டுபோங்கள். நம் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் காரம் வேறு எதிலும் வராது. ஊரிலிருந்து கொண்டுபோனால் விமான நிலையத்தில் கட்டாயம் சொல்லிவிடுங்கள், மறைக்காதீர்கள். அங்கே கிடைக்கும் பூண்டும் போதும்.

நான் இப்போதும் ஜனவரி 20 அன்று வீட்டில் பூண்டு தோசை சுடுகிறேன். வெளியே புல்லெல்லாம் உறைபனி வெள்ளை. தட்டிய பூண்டை மாவின்மேல் தூவி, ஓரம் சிவந்ததும் அடுப்பை அணைத்து, துருவிய சீஸைப் போட்டு மூடிவைப்பேன். போன தடவை அண்ணி நெய்க் கிண்ணத்தோடு வந்து, மூடியைத் திறந்து பார்த்தார். ஓரமெல்லாம் எண்ணெய் மினுமினுத்தது. "இதுக்கு நெய்யே வேணாம்மா, அதுவே விடுது" என்று கிண்ணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.