மரத்துப்போகாமலே வலுவிழக்கும் கை: ஏ.எல்.எஸ். நோயைக் கவனிக்கும் முறை

நாற்றைச் சேற்றில் ஊன்றுவது கட்டைவிரலும் அதையடுத்த இரு விரல்களும்தான். ஏ.எல்.எஸ். என்னும் இயக்க நரம்பு நோய் கையில் தொடங்கும்போது, பெரும்பாலும் அந்தக் கட்டைவிரல் பக்கத்துச் சதை மேடே முதலில் வற்றுகிறது. சுண்டுவிரல் பக்கத்து மேடு அந்த அளவுக்கு மெலியாமல் நிற்கும். நாற்று முடியை இறுக்கிக் கட்ட வரவில்லை, சட்டைப் பொத்தான் துளைக்குள் நுழையவில்லை, பூட்டில் சாவி திரும்பவில்லை என்று தொடங்கும் குறைகளை டெல்டா கிராமங்களில் வயதின் தளர்ச்சி என்றோ, நரம்புத் தளர்ச்சி என்றோ சொல்லிச் சத்து ஊசி போட்டுக்கொண்டு பல மாதங்களைக் கடத்திவிடுகிறோம். முதல் அறிகுறிக்கும் நோய் உறுதியாவதற்கும் இடையில் பொதுவாக ஓராண்டளவு கழிந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வலுக் குறைந்த கையிலோ காலிலோ முதலில் பார்க்க வேண்டியது உணர்ச்சியை. கண்களை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். மரத்துப்போயிருந்தால், பெரும்பாலும் சர்க்கரை நோயால் வந்த நரம்புப் பாதிப்பையோ தொழுநோயையோ நினைக்க வேண்டும்; தொழுநோய்க்கு முழுமையாகக் குணமாக்கும் மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஏ.எல்.எஸ். தாக்குவது தசைகளை அசைக்கும் இயக்க நரம்பணுக்களை என்பதால், சதை வற்றிய பிறகும் சூடும் குளிரும் தொடுதலும் முன்போலவே தெரியும். வலியில்லாத இந்த இயல்பே பலரை மருத்துவரிடம் போகவிடாமல் தடுக்கிறது.

தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் சதை துடிப்பதைக் கண்டு அஞ்சுவோர் பலர். களைப்பாலும் தூக்கக் குறைவாலும் அதிகமான காபியாலும் நலமாக உள்ளவர்களுக்கும் இமையும் கெண்டைக்காலும் துடிக்கும். துடிப்பு மட்டும் இருந்து வலு குறையாமலிருந்தால் கவலைக்கு இடமில்லை. துடிப்பும் மெலிவும் வலுக்குறைவும் ஒரே உறுப்பில் சேர்ந்து, மாதத்துக்கு மாதம் கூடிவந்தால்தான் அது பொருட்படுத்த வேண்டியது. மூளையிலிருந்து இறங்கும் நரம்பணுக்கள் அழிந்தால் உறுப்பு விறைக்கும். தண்டுவடத்திலிருந்து தசைக்குச் செல்பவை அழிந்தால் சதை வற்றித் துடிக்கும். வற்றிய காலிலேயே முழங்காலைத் தட்டும்போது கால் வேகமாகத் துள்ளினால், மருத்துவர் ஏ.எல்.எஸ். நோயைச் சந்தேகிப்பார். இவ்விரண்டும் ஒருங்கே வருவதைப் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 19ஆம் நூற்றாண்டிலேயே விளக்கிவிட்டார்.

மருத்துவரிடம் போகுமுன் ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். 'பலவீனமாக இருக்கிறது' என்று எழுதுவதில் பயனில்லை. 'தை முடியும்வரை வலது கையால் மட்டும் தூக்கிய குடத்தை மாசியில் இரண்டு கையாலும் தூக்கினார்' என்று எழுதினால், எந்தக் கை, எந்த மாதம், எவ்வளவு என்ற மூன்றும் விளங்கும். மாதம் ஒருமுறை ஒரே நாளில் உடல் எடையையும், ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எத்தனைவரை எண்ண முடிகிறது என்பதையும் குறியுங்கள். அதே இடத்தில் பத்தடி நடப்பதையும் கைபிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுவதையும் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். காலில் தொடங்கும் நோய், வரப்பில் முன்பாதம் இடறுவதாகவும் செருப்பு தானாகக் கழல்வதாகவும் தலைகாட்டும். தொண்டையில் தொடங்குவது குழறும் பேச்சாக, ரசமும் தண்ணீரும் குடிக்கும்போது வரும் இருமலாகத் தெரியும். குடிக்காதவரைக் குடித்தவரென்று ஊர் நினைத்துவிடும் வேதனையும் உண்டு.

நோயை உறுதிசெய்யத் தனியான ஒரு இரத்தப் பரிசோதனை இல்லை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவரைப் பார்த்து, நரம்பு-தசை மின்பரிசோதனையும் கழுத்து எம்.ஆர்.ஐ. படமும் எடுக்க வேண்டியிருக்கும். ஐம்பது வயதைத் தாண்டியவர் கழுத்துப் படத்தில் எலும்புகளுக்கு இடையிலுள்ள ஏதேனும் ஒரு வட்டு (டிஸ்க்) பிதுங்கியிருப்பது சாதாரணம்; அதை மட்டும் காட்டி அறுவைச் சிகிச்சை சொன்னால், மின்பரிசோதனை முடியும்வரை பொறுக்க முடியுமா என்று கேளுங்கள். ஏ.எல்.எஸ். போலவே தோன்றினாலும் இம்யூனோகுளோபுலின் மருந்தால் தேறக்கூடிய ஒரு நரம்பு நோயும் உண்டு என்பதால், இந்தப் பொறுமைக்கு மதிப்பு அதிகம். இளைஞர் என்றால் கணக்கே வேறு: காது கேளாமையோடு மெல்ல நகரும் 'மெட்ராஸ் இயக்க நரம்பு நோய்' 1970இல் சென்னை மருத்துவர்களால் விவரிக்கப்பட்டது, அதில் பல பத்தாண்டுகள் வாழ்பவர்கள் இருக்கிறார்கள்.

ஏ.எல்.எஸ். தொடங்கிய இடத்திலிருந்து பக்கத்து இடத்துக்குப் பரவும் இயல்புடையது. ஒரு கையிலிருந்து மறு கைக்கும், பிறகு காலுக்கோ தொண்டைக்கோ செல்லும். அறிகுறி தொடங்கியதிலிருந்து 2 முதல் 5 ஆண்டுகள் என்பது பலரின் ஆயுள். பத்தில் ஒருவர் அளவில் 10 ஆண்டுகளைக் கடப்பதும் உண்டு. கண்ணசைவும் சிறுநீர்க் கட்டுப்பாடும் நெடுநாள் நிலைத்திருக்கும். காரணமின்றிச் சிரிப்போ அழுகையோ பீறிட்டால் அது நோயின் வேலை. அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். ரிலுசோல் 50 மில்லிகிராம் மாத்திரை, மருத்துவர் மேற்பார்வையில் நாளுக்கு இருவேளை, ஆயுளைச் சில மாதங்கள் நீட்டுகிறது. அதற்காகக் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

இந்த நோயில் எதையும் தேவை வரும் முன்பே பேசி வைக்க வேண்டும். எடை குறையத் தொடங்கினால், உணவை நேராக வயிற்றுக்குள் செலுத்தும் வயிற்றுக் குழாய் பற்றிக் கேளுங்கள். மூச்சுத் திறன் மிகவும் இறங்கிய பிறகு அதைப் பொருத்துவது ஆபத்து. நீர்த்த ரசத்தைவிடக் குழைந்த சாதமும் கூழும் எளிதில் இறங்கும். பொரியும் அவலும் தொண்டையில் சிக்கும். மல்லாந்து படுக்க முடியாமை, காலைத் தலைவலி, பகல் தூக்கம் ஆகியவை மூச்சுத் தசை தளர்வதன் அடையாளங்கள்; அப்போது தேவைப்படுவது முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளும் பைபாப் கருவி. ஆக்சிஜன் உருளையை மட்டும் வாடகைக்கு எடுத்து வைத்தால் கரியமில வாயு உடலில் தேங்கி மயக்கம் வரக்கூடும். 2021இல் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வலிநிவாரணப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன.

பேச்சு நிற்கும் முன் ஒரு எழுத்துப் பலகை எழுதிவிடுங்கள். 247 எழுத்தும் வேண்டாம்: மேல் வரிசையில் பன்னிரண்டு உயிரும் கீழே மூன்று வரிசையில் பதினெட்டு மெய்யும் போதும். நீங்கள் வரிசை வரிசையாக விரலோட்ட, அவர் முதலில் மெய்யையும் அடுத்து உயிரையும் இமைத்துக் காட்டுவார். 'க்' என்றும் 'ஆ' என்றும் காட்டினால் 'கா' ஆகிவிடும். அடிக்கடி கேட்கும் 'தண்ணீர்', 'திருப்பிப் படுக்க வை', 'மூச்சு' போன்ற சொற்களைப் பலகையின் ஓரத்தில் தனியாக எழுதலாம். எந்தச் சொற்கள் அங்கே இடம்பெற வேண்டும் என்பதை, இன்னும் பேச முடிகிறபோதே அவரையே சொல்லச் சொல்லுங்கள்.