போனுக்கு ஒரு நேரம், வயலுக்கு ஒரு நேரம்

எங்கள் நீடாமங்கலம் பக்கம் ஜூன் பிறந்துவிட்டால் எல்லார் கையிலும் போன்தான். மேட்டூரில் எத்தனை அடி, 12-ஆம் தேதி திறப்பார்களா, கல்லணைக்கு எப்போது வரும் என்று பார்க்காத ஆள் கிடையாது. விவசாய வீட்டில் போய் போனைத் தூக்கிப் போடுங்கள் என்று சொன்னால் அது நடக்கிற பேச்சில்லை. அணை நிலவரம் பார்க்க எடுத்த போன், பார்த்து முடித்த பிறகும் கையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறதே, சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.

நமக்கு வேண்டிய செய்திக்கு ஒரு நேரம் உண்டு. மேட்டூர் நீர்மட்டத்தைக் காலை 8 மணி நிலவரமாகச் சொல்கிறார்கள். மழை அளவையும் வானிலைத் துறை காலை 8.30-க்குத்தான் கணக்கெடுக்கிறது. ஆகவே காலைச் சாப்பாடு முடிந்ததும் ஒரு தடவை, பொழுது சாய்ந்ததும் ஒரு தடவை பார்த்தால் போதும். புயல், வெள்ள எச்சரிக்கை இருக்கிற நாட்கள் வேறு. அப்போது பார்க்கத்தான் வேண்டும்.

அடுத்தது வாட்ஸ்அப். விவசாயிகள் குழு, தெருக் குழு, பள்ளிக்கூடக் குழு, சொந்தக்காரர்கள் குழு என்று எல்லாவற்றையும் மியூட் செய்யுங்கள். 8 மணி நேரம், 1 வாரம், எப்போதும் என்று கேட்கும்; எப்போதும் என்பதையே போடுங்கள். அப்புறம், 'அவசரம் என்றால் மெசேஜ் போடாதீர்கள், கூப்பிடுங்கள்' என்று வீட்டாரிடமும் மோட்டார் போடுகிறவரிடமும் சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாமல் மியூட் செய்தால் மனசு அடித்துக்கொண்டே இருக்கும். நிமிஷத்துக்கு ஒருதரம் எடுத்துப் பார்ப்போம்.

யூடியூப்தான் பெரிய மடை. செட்டிங்ஸில் வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்தி, பழையதையும் அழித்துவிடுங்கள். முகப்பில் வீடியோக்கள் வரிசை கட்டி நிற்பது போய்விடும். குறுவையில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு என்ன செய்வது என்று தேடினால் அது மட்டும் வரும். ஆட்டோபிளேயையும் அணைத்து வையுங்கள். ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங் என்று ஒன்று இருக்கிறது. ரீல்ஸ் பார்க்கிற ஆப்புக்கு அதில் நாளைக்கு அரை மணி நேரம் என்று அளவு வைக்கலாம். ஆனால் வைத்த கையே அதை எடுத்தும் விடும், அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

எனக்கு அதைவிட நம்பிக்கை, ராத்திரி போன் இருக்கிற இடத்தில்தான். சார்ஜர் கூடத்தில் இருக்கட்டும், படுக்கிற அறைக்குள் வேண்டாம். விடிகாலை முறைத் தண்ணீருக்கு எழுந்திருக்க அலாரம் வேண்டுமே என்பவர்கள் ஒரு டைம்பீஸ் வாங்கிக்கொள்ளுங்கள். கூடத்தில் போன் அடித்தால் வீடு முழுக்கக் கேட்கும், பயப்பட வேண்டாம்.

குழந்தை உள்ள வீடுகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். 2 வயது வரை திரையே வேண்டாம், 4 வயது வரை நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 2019-இல் சொல்லியிருக்கிறது. போனைக் காட்டிச் சோறு ஊட்டுவதை நிறுத்தினால் முதலில் நாலு வாய் குறையும், அழும். விட்டுவிடுங்கள், பசித்தால் கேட்கும். அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்கிற நாட்களில் கிண்ணத்தோடு வரப்போரம் போய் நில்லுங்கள். எந்தக் குழந்தையும் வாத்தைப் பார்த்தால் வாயைத் திறக்கும்.

கஷ்டமான இடம் கொள்முதல் நிலையம். நெல்லைக் கொட்டிவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு இறங்க வேண்டும், நம் முறையும் வர வேண்டும். அங்கே போனதும் நெட்டை ஆஃப் செய்யுங்கள். சாதாரண அழைப்பு வரும், மற்றது வராது. குவியலைக் கிளறிவிட்டு வந்து பக்கத்துக் குவியல்காரரிடம் உட்காருங்கள். நெல் ரகம் ஆடுதுறை 43 போட்டாரா, கோ 51-ஆ, ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை கண்டது, அறுப்பு மிஷினுக்கு மணிக்கு என்ன கொடுத்தார் என்று கேளுங்கள். அடுத்த பட்டத்துக்கு வேண்டிய கணக்கு அவரிடம் இருக்கிறது.