வீட்டை விற்கும்போது சாவியும் பத்திரமும் யார் கையில் இருக்க வேண்டும்?

தரகர் மூலம் வீட்டை விற்க முற்படுவோர் விலையைப் பற்றி யோசிக்கும் அளவுக்குச் சாவியைப் பற்றி யோசிப்பதில்லை. என் பெற்றோர் காலத்துக்குப் பின் தாம்பரம் பக்கம் பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டை விற்க முனைந்தபோது நானும் யோசிக்கவில்லை. "பார்ட்டி எந்த நேரத்திலும் வருவார்கள், ஒரு சாவி எங்களிடம் இருக்கட்டும்" என்று தரகர் கேட்டார், கொடுத்துவிட்டேன். அவர் அதைத் தம் கூட்டாளியிடம் கொடுக்க, கூட்டாளி தெருமுனைப் பெட்டிக்கடையில் வைத்துவிட்டுப் போக, இரண்டு மாதத்துக்குள் குளியலறையின் பித்தளைக் குழாய்களும் மோட்டாரின் செம்புக் கம்பியும் காணாமற்போயின. எடுத்தவர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. தரகர்மேல் பழி சொல்ல என்னிடம் ஆதாரமும் இல்லை. ஒரு சாவி எத்தனை கைகளுக்குப் போனது என்பதை யாராலும் சொல்ல முடியாத நிலையே பெரிய ஆபத்து என்பது மட்டும் அன்று விளங்கியது.

ஆகவே சாவியைத் தரகரிடம் கொடுக்காதீர்கள். அருகில் குடியிருக்கும் உறவினரோ நெடுநாள் பழகிய பக்கத்து வீட்டுக்காரரோ வைத்திருந்து, பார்க்க வருபவர்களுக்குத் திறந்து காட்டி, உடனிருந்து பூட்டட்டும். அந்த உதவிக்கு ஒரு தொகை கொடுப்பதில் தவறில்லை. அப்படி ஒருவரும் கிடைக்காமல் சாவியைக் கொடுத்தே தீரவேண்டியிருந்தால், புதுப் பூட்டு ஒன்றை வாங்கி மாட்டி, அதன் ஒரு சாவியை மட்டும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் தேதியிட்ட கையொப்பம் வாங்குங்கள். பீரோ, பூஜை அறை, மாடிக்கதவு ஆகியவற்றின் சாவிகள் அந்தக் கொத்தில் இருக்கவே கூடாது.

பூட்டிய வீடு என்பதைத் தெரு எளிதில் கண்டுகொள்கிறது. வாசலில் கோலம் இல்லாதது, கதவிடுக்கில் செருகிக் கிடக்கும் துண்டுப்பிரசுரங்கள், கேட்டில் தொங்கும் 'விற்பனைக்கு' என்ற பலகை ஆகிய மூன்றும் சேர்ந்தால் உள்ளே ஆளில்லை என்று எழுதி ஒட்டியது போலாகிவிடும். வாசல் தெளித்துக் கோலம் போடத் தெருவிலேயே ஒரு அம்மாவை ஏற்பாடு செய்யுங்கள். பகுதிக் காவல் நிலையத்தில் வீடு பூட்டியிருக்கும் விவரத்தை எழுத்தில் தெரிவித்தால் ரோந்து செல்லும்போது கவனித்துக்கொள்வார்கள். காவல்துறையே இதை மக்களிடம் கேட்டுக்கொள்கிறது.

தரகர் எடுக்கும் புகைப்படங்கள் ஒரே நாளில் பல வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்விடும். கொல்லைப்புறத் தாழ்ப்பாள், ஜன்னல் கம்பியின் அமைப்பு, பீரோ இருக்கும் மூலை, சுவரில் மாட்டிய குடும்பப் படங்கள் ஆகியவை அவற்றில் தெரியாதபடி நீங்களே படமெடுத்துக் கொடுங்கள். கதவு எண்ணையும் விளம்பரத்தில் சேர்க்க வேண்டாம், தெருப்பெயர் போதும்.

நீங்கள் அந்த வீட்டிலேயே குடியிருந்தால், முன்கூட்டியே பெயரும் கைபேசி எண்ணும் தெரிவிக்காத எவரையும் உள்ளே விடாதீர்கள். பார்க்க வருபவர்கள் இரண்டு மூன்று பேராக வந்து ஆளுக்கொரு அறைக்குப் பிரிந்து செல்வது பெரும்பாலும் ஆர்வத்தால்தான். ஆயினும் அவர்களை ஒன்றாகவே அழைத்துச் செல்லுங்கள், அவர்களை முன்னே நடக்கவிட்டு நீங்கள் பின்னே வாருங்கள். நகைகளை வங்கி லாக்கருக்கு மாற்றிவிடுங்கள். அவர்கள் போன பிறகு எல்லா ஜன்னல்களையும் பின்கதவையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். யாரும் காணாமல் விலக்கி வைக்கப்பட்ட ஒரு கொக்கி, அன்றிரவே இன்னொருவருக்கு வழியாகலாம். தனியாக வசிக்கும் முதியவர்கள், துணைக்கு ஒருவர் இல்லாத நேரத்தில் வீட்டைக் காட்ட ஒப்புக்கொள்ளவே வேண்டாம்.

தரகரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு விஷயத்தில் தெளிவு வேண்டும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு பெற்ற புதிய குடியிருப்புத் திட்டங்களை விற்றுத்தரும் முகவர்கள் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பழைய தனி வீட்டின் மறுவிற்பனை அந்த வரம்புக்குள் வருவதில்லை என்றாலும், பதிவு எண் உள்ளவரைத் தேர்ந்தெடுத்தால் அவருடைய பெயரையும் முகவரியையும் ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்க்க முடியும். கமிஷன் எத்தனை சதவீதம், எப்போது தரவேண்டும், துணைத்தரகர் வந்தால் அவருக்குத் தருபவர் யார் என்பவற்றை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூலப் பத்திரத்தை ஒரு நாளைக்குக்கூடத் தரகரிடம் விட்டுவைக்காதீர்கள். நகல் போதும், ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கேயும் 'விற்பனைப் பரிசீலனைக்கு மட்டும்' என்று தேதியுடன் எழுதிக் கொடுங்கள். ஆதார் கேட்டால் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட பிரதியைத் தரலாம். வாங்குபவரின் வழக்கறிஞர் அசலைப் பார்க்க விரும்பினால், நீங்கள் உடனிருந்து காட்டித் திரும்ப எடுத்து வாருங்கள்.

எல்லாவற்றிலும் கூடுதல் எச்சரிக்கை தேவைப்படுவது, உங்கள் சார்பில் சொத்தை விற்க இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரத்தில்தான். "நீங்கள் அலைய வேண்டாம், எனக்குப் பவர் எழுதிக் கொடுங்கள், இப்போதே ஒரு தொகை தருகிறேன்" என்று தரகர் சொல்வது உதவியாகத் தோன்றும். பவர் பத்திரத்தால் மட்டும் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாக்கியது உண்மை. ஆனால் அந்தப் பத்திரத்தை வைத்து அவர் உங்கள் பெயரில் மூன்றாமவருக்குக் கிரயம் செய்து கொடுக்க முடியும். மேலும், பணம் கொடுத்துச் சொத்தில் தனக்கென ஒரு நலனை ஏற்படுத்திக்கொண்ட முகவரின் அதிகாரத்தை, அந்த நலனுக்குப் பாதகமாக முடித்துவைக்க 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் இடம்தருவதில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் உடன்பிறந்தவருக்கோ வாழ்க்கைத்துணைக்கோ, இந்த ஒரு சொத்துக்கு மட்டும், பணம் வாங்கும் அதிகாரத்தை விலக்கிப் பவர் எழுதலாம்.

முன்பணத்தை வங்கி வழியே, உங்கள் கணக்குக்கு நேராக வாங்குங்கள். வருமான வரிச் சட்டப்படி அசையாச் சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறக் கூடாது. மீறினால் ரொக்கம் பெற்ற உங்களுக்கே அதே அளவு அபராதம் வரலாம். தரகர் கையில் 'டோக்கன்' கொடுத்துவிட்டதாக வாங்குபவர் சொன்னால், அது உங்களை வந்து சேரும்வரை எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடாதீர்கள்.

பதிவுக்கு முன்பே பெயின்ட் அடிக்கவும் அலமாரி செய்யவும் வாங்குபவர் சாவி கேட்பது வழக்கம். நல்லவர்களாகவே இருந்தாலும் மறுத்துவிடுங்கள். குடிபுகுந்தவரை வெளியேற்றுவது நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். பணம் முழுவதும் கணக்கில் ஏறி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு முடிந்த பின், வாங்குபவரோடு வீட்டுக்குச் சென்று மின்மீட்டர் அளவைப் படமெடுத்து, சாவிகளை எண்ணி அவர் கையில் கொடுத்து, ஒப்படைப்புக் கடிதத்தில் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள்.