மாண்டோசெல்லோவுக்குத் தந்தி மாற்றும்போது குதிரையை விட்டுவிடாதீர்கள்

என்னிடம் இருப்பது அமெரிக்க நிறுவனமான கிப்ஸனின் பழைய கே-4 மாதிரியைப் பார்த்துக் கையால் செதுக்கிச் செய்த புது மாண்டோசெல்லோ, அதாவது மாண்டலின் குடும்பத்தின் பெரிய, கீழ்ச்சுருதிக் கருவி. தோளில் சுருள், முட்டை வடிவ ஒலித்துளை, வளைத்துச் செதுக்கிய மேற்பலகை எல்லாம் அந்தக் காலத்து அமைப்பு. 1910-களில் வந்த கே-4-இல் இல்லாத ட்ரஸ் ராட் (கழுத்து வளையாமல் தாங்கும் உலோகக் கம்பி) மட்டும் இதன் கழுத்துக்குள் இருக்கிறது. சுருதி செல்லோவுக்கு உள்ளதே: கீழிருந்து சி, ஜி, டி, ஏ. ஒவ்வொன்றுக்கும் ஒரே சுருதியில் இரண்டு தந்தி, ஆக எட்டு.

தந்தி வாங்கும்போது மாண்டோசெல்லோ செட் என்றே கேட்டு வாங்குங்கள். மெல்லிய ஏ ஏறக்குறைய 0.022 அங்குலம், தடித்த சி 0.074 அங்குலம். கிட்டார் செட்டை வைத்து ஒப்பேற்ற முடியாது, சி தந்திக்கு அந்தத் தடிமன் கிடைக்காது.

முதல் வேலை, மேற்பலகையில் தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டான குதிரையின் (பிரிட்ஜ்) இரண்டு கால்களையும் ஒட்டி மேற்பலகையில் அடையாளம் வைப்பது. பாலிஷை உரிக்காத மெல்லிய பேப்பர் டேப் போதும். இந்தக் கருவியில் குதிரை ஒட்டப்பட்டிருக்காது, தந்திகளின் அழுத்தம்தான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. நான் முதல்முறை எட்டையும் ஒரேயடியாகக் கழற்றினேன். குதிரை சரிந்து விழுந்தது. எடுத்து வைத்தேன், தந்தியும் பூட்டினேன். ஆனால் மேலே போகப் போக எல்லா ஸ்வரமும் விலகியது. இரண்டு மணி நேரம் தேடிய பிறகுதான் கண்ணில் பட்டது: குதிரையின் உச்சியில் ஒவ்வொரு ஜோடிக்கும் படிப்படியாக வெட்டியிருந்த சின்ன மேடுகள் எதிர்ப்பக்கம் இருந்தன. குதிரையை முன்பின்னாகத் திருப்பி வைத்திருக்கிறேன். அதனால் ஒரு தந்தியைக் கழற்றி, புதியதைப் பூட்டி, ஓரளவு முறுக்கிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். கழற்றும் முன் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தந்தியின் நுனி வளையமான கண்ணியை டெயில்பீஸ் (கருவியின் அடிப்பக்கம் தந்திகளை மாட்டும் உலோகத் தகடு) கொக்கியில் மாட்டி, பெக்கில் (சுருதி முறுக்கும் முளை) இரண்டு மூன்று சுற்று வருமளவு நீளம் விடுங்கள். தடித்த சி தந்தியை முதலில் வளைத்து மடக்கி, அப்புறம்தான் வெட்ட வேண்டும். வளைக்காமல் வெட்டினால் மேலே சுற்றிய கம்பி உள்கம்பியிலிருந்து நழுவி, தந்தி செத்த சத்தம் கொடுக்கும். முறுக்குவதற்குக் கையால் சுற்றும் வைண்டரையே சொல்வேன். மோட்டார் வைத்ததில் எப்போது நிறுத்துவது என்று விரலுக்குத் தெரியாது.

சுருதி ஏற்றும்போது ‘டிங்’ என்று சத்தம் வந்து சுருதி குதித்தால், நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் படியும் பட்டை) பள்ளத்தில் தந்தி சிக்குகிறது. 6பி பென்சிலால் பள்ளத்தில் நன்றாகத் தேயுங்கள். ஜோடியில் ஒன்றை ஒலிக்காதபடி விரலால் தொட்டுக்கொண்டு மற்றதைச் சுருதி சேருங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து மீட்டி, அலையடிப்பது நிற்கும்வரை இரண்டாவதைத் திருத்துங்கள். சி 65.4 ஹெர்ட்ஸ், கருவியின் தலையில் கவ்வி மாட்டிச் சுருதி காட்டும் கிளிப் ட்யூனர் அங்கே தடுமாறும். 12-ஆம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்குக் கம்பி) நேர்மேலே தந்தியை அழுத்தாமல் விரலால் லேசாகத் தொட்டு, அந்த ஹார்மானிக்கை மீட்டினால் உடனே பிடித்துக்கொள்ளும்.

கடைசியாக இன்டொனேஷன், அதாவது கழுத்தில் மேலே அழுத்தும்போதும் ஸ்வரம் சரியாக வருகிறதா என்று பார்ப்பது. அதே ஹார்மானிக்கையும், 12-ஆம் ஃப்ரெட்டை அழுத்தி வரும் ஸ்வரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் குதிரையை டெயில்பீஸ் பக்கம் மயிரிழை தள்ளுங்கள், இறங்கியிருந்தால் கழுத்துப் பக்கம். தள்ளும் முன் தந்திகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள், இல்லையென்றால் குதிரையின் கால் மேற்பலகையைக் கீறிவிடும்.

பின்சேர்க்கை: எல்லாம் சரியாகச் செய்தும் ஒரு வாரத்தில் சுருதி விலகுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். முறுக்கும்போது தந்திகள் குதிரையின் தலையைக் கழுத்துப் பக்கம் இழுத்துச் சாய்த்திருக்கும். இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து மெதுவாகப் பின்னுக்குச் சாய்த்து, டெயில்பீஸைப் பார்க்கும் முகம் மேற்பலகைக்குச் செங்குத்தாக நிற்கும்படி வையுங்கள். ஒவ்வொரு முறை தந்தி மாற்றும்போதும் நான்கைந்து தடவை இப்படிப் பார்க்கிறேன்.

இன்னொன்று: கண்ணிக்குப் பதில் நுனியில் குண்டு வைத்த தந்திதான் கிடைத்தது என்றால், குண்டைக் குறடால் பக்கவாட்டில் தள்ளி எடுத்துவிடுங்கள். மிஞ்சும் வளையம் கொக்கியில் மாட்டும்.