ஹக்கலையில் ரோஜா பார்க்க ஏற்ற நேரம்

கொழும்பிலிருந்து ஹக்கல தாவரவியல் பூங்காவுக்கு ரோஜா பார்க்கப் போகிறவர்கள், போய்ச் சேரும் நாளிலேயே பூங்காவுக்குள் நுழையாதீர்கள். இரவு நுவரெலியாவில் தங்கி, மறுநாள் காலை வாசல் திறந்ததும் போங்கள். உள்ளே போனதும் முதலில் ரோஜாத் தோட்டம். மர வகைப் பன்னங்களும் மற்றவையும் பிறகு.

விடியற்காலையில் கொழும்பை விட்டாலும் மலையேறிச் சேர நண்பகல் நெருங்கிவிடும், சிலவேளை தாண்டியும்விடும். சுமார் 1,700 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஹக்கலையில் பிற்பகலில்தான் பெரும்பாலும் பனிமூட்டமும் மழையும் இறங்கும். ஏப்ரலில் இது இன்னும் அதிகம். மழையில் நனைந்த ரோஜாவின் இதழ்கள் ஒட்டிப் பழுப்பேறிப் போகும், வாசமும் மங்கிவிடும். காலைக் குளிரில் அப்போதுதான் விரிந்த பூவின் வாசத்தைக் கொழும்பின் வெக்கையில் ஒருநாளும் காண முடியாது. அதற்காகவே ஓர் இரவுத் தங்கல் செலவு தகும் என்பேன்.

ஏப்ரல் வசந்தகாலத்தில் மட்டும் நுவரெலியாவில் அறை வாடகை எகிறிவிடும். அப்போது வெலிமடையிலோ பண்டாரவளையிலோ தங்குங்கள். ஹக்கல, நுவரெலியா–வெலிமடை வீதியிலேயே இருப்பதால் பஸ்ஸில் வந்து வாசலில் இறங்கலாம்.

ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை காலையிலேயே கொட்டக்கூடும். அந்த மாதங்களில் இந்த யோசனை உதவாது. செடிகளைக் கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டிவிட்டிருந்தாலும், ஆறேழு வாரங்களுக்குப் பூ இருக்காது. புறப்படுமுன் பூங்காவுக்குத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.