குவாண்டைஸை அழுத்தும் முன்னும் பின்னும்: கர்நாடக இசைக்கு மிடி திருத்துவது

நாட்டியத்துக்கும் பக்திப் பாடல்களுக்கும் கணினியில் இசை சேர்த்துக் கொடுப்பது என் தொழில். எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு அழுத்தமாக வாசித்தார்கள் என்பதை மட்டும் குறித்துவைப்பது மிடி பதிவு. என்னிடம் வரும் மிடி பதிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே நோய்தான். வாசித்து முடித்ததும் எல்லா நோட்டுகளையும் தேர்ந்தெடுத்து, நோட்டுகளைத் தாளக் கட்டத்தின் கோடுகளில் இழுத்து ஒட்டும் குவாண்டைஸை நூறு சதவீதத்தில் அழுத்திவிடுகிறார்கள். அதன்பின் மிருதங்கம் தையல் இயந்திரம் போல ஓடுகிறது. நான் வேலை செய்வது ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளில். க்யூபேஸ், லாஜிக், எஃப்எல் ஸ்டூடியோ எதுவானாலும் இதே கருவிகள் சற்று மாறிய பெயர்களில் இருக்கும்.

முதலில் பதிவை நகலெடுத்து, மூலத்தை மியூட் செய்து ஒதுக்கி வையுங்கள். பிறகு நோட்டுகளைப் பட்டைகளாகக் காட்டும் பியானோ ரோலைத் திறந்து நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லா நோட்டுகளும் கட்டக் கோட்டுக்கு ஏறத்தாழ ஒரே அளவு பின்தங்கி நின்றால், பெரும்பாலும் அது கணினி தரும் தாமதம். வாசித்தவரைக் குறை சொல்லாதீர்கள். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து இடப்பக்கம் நகர்த்தினால் பாதி வேலை முடிந்துவிடும். விரல் தவறி உரசிய துண்டு நோட்டுகளை அழியுங்கள். ஒரே கட்டையின் இரண்டு நோட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் பிரித்துவிடுங்கள். இல்லையென்றால் முதல் நோட்டின் முடிவு இரண்டாவதன் கழுத்தை வெட்டும்.

இனி குவாண்டைஸ். டெம்போ 80 என்றால் ஒரு அடி 750 மில்லி செகண்ட். அதில் நான்கில் ஒரு பங்குக் கட்டம் 187.5. ஒரு நோட் ஏறக்குறைய 94 மில்லி செகண்டுக்கு மேல் விலகியிருந்தால் அது அடுத்த கோட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். அத்தகைய நோட்டுகளைக் கையால் உரிய இடத்துக்கு அருகே கொண்டுவந்துவிட்டு, குவாண்டைஸ் இழுக்கும் அளவை 60 அல்லது 70 சதவீதத்தில் வையுங்கள். அலங்காரமாக உரசிச் செல்லும் சிறு நோட்டுகளைத் தேர்வில் சேர்க்கவே வேண்டாம்.

ஒரு அடியை மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடைக்கு டிரிப்லெட் கட்டம் பட்டியலிலேயே இருக்கும். ஐந்தாகப் பிரிக்கும் கண்ட நடைக்குப் பல மென்பொருள்களில் கணக்கு நாம்தான் போட வேண்டும். மென்பொருள் நேரத்தை எண்ணும் சிறு அலகு டிக். ரீப்பரில் ஒரு அடிக்கு இயல்பாக 960 டிக். ஐந்தால் வகுத்தால் 192. ஏழாகப் பிரிக்கும் மிஸ்ர நடையில் 137.14 என்று பின்னம் வரும். 137 என்றே வைத்து, ஒவ்வொரு அடியின் தொடக்கத்திலும் மீண்டும் கோட்டிலிருந்து எண்ணுங்கள். 80 டெம்போவில் ஒரு டிக் என்பது ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவு. எந்த வித்வானின் காதுக்கும் எட்டாது.

நோட்டை எவ்வளவு பலமாக அடித்தார்கள் என்பதைக் காட்டும் வெலாசிட்டி 1 முதல் 127 வரை. உண்மை மிருதங்கத்தைப் பதிவு செய்து எடுத்த நல்ல சாம்பிள்களில் இது ஒலியின் அளவை மட்டும் மாற்றுவதில்லை. வேறு அளவில் வேறு அடியின் பதிவே ஒலிக்கும். ஆகவே எல்லாவற்றையும் 100-க்கு உயர்த்தினால் ஒரே அடி திரும்பத் திரும்பக் கேட்கும். ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு தாளத்தில் 'தகிட தகதிமி' என்று வாயால் சொல்லிப் பாருங்கள். நாக்கு எங்கே அழுந்துகிறதோ அங்கே உயர்த்துங்கள், மற்றவற்றை இறக்குங்கள். மனிதர் வாசித்தது போலக் காட்டுவதற்கான ஹியூமனைஸ் கருவி தாறுமாறாக எண்களைக் கலைக்கும். அதற்குத் தாளம் தெரியாது. நான் அதைத் தொடுவதில்லை.

வீணை, புல்லாங்குழல் பகுதிகளில் உயிர் இருப்பது ஸ்வரத்தை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் பெண்ட் வரிசையில்தான். மாடுலேஷன் வீலைச் சுழற்றி வரும் ஒரே சீரான நடுக்கம், ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் ஆகாது. பெண்டின் எல்லை பல கருவிகளில் மேலும் கீழும் 2 அரைஸ்வரம். ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஜாருவாக, அதாவது வழுக்கிச் செல்வதாக, இழுக்க 7 அரைஸ்வரம் வேண்டும். அதனால் எல்லையை 12 ஆக்கிவிடுங்கள். நடுப்புள்ளியிலிருந்து ஒருபக்கம் 8192 படிகள் என்பதால் ஒரு அரைஸ்வரம் சுமார் 683 படி. தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். ஷட்ஜம் சி என்றால் அது இ ஃப்ளாட். மத்யமத்தைத் தொட +1365, ரிஷபத்தைத் தொட -1365. திருப்பங்களை முக்கோணமாக வரையாமல் வளைவாக வரையுங்கள். இடைவெளிகள் சமமாக இருக்கக் கூடாது. நல்ல பாடகர் ஒருவரின் குரலைப் பக்கத்து டிராக்கில் வைத்துக் கேட்டுக்கொண்டே வரைவதுதான் என் வழக்கம். சலிப்பான வேலைதான், குறுக்குவழி கிடையாது.

ஒவ்வொரு சொற்றொடரின் தொடக்கத்திலும் பெண்ட் பூஜ்யத்துக்குத் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமான மிடியில் பெண்ட் ஒரு சானலில், அதாவது ஒரு மிடி தடத்தில், உள்ள நோட்டுகள் எல்லாவற்றையும் வளைக்கும் என்பதால் பின்னணியில் தொடர்ந்து ஒலிக்கும் சுருதியை வேறு சானலுக்கு மாற்றிவிடுங்கள்.

கோப்பை வேறொருவருக்கு அனுப்பும்போது டிராக்கின் பெயரிலேயே 'பெண்ட் 12' என்று எழுதுங்கள். அவருடைய கருவி 2-இல் நின்றிருந்தால் உங்கள் கமகம் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கி ஒலிக்கும். கூடவே ஆடியோ நகலும் போகட்டும்.